பேரிடர் முகாம்ல இருக்கறவங்கள உக்கார வச்சு "நடந்ததச் சொல்லுங்க"ன்னு பேச வைக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

முகாம்_தன்னார்வலர்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. நான் டாக்டர் இல்ல, கவுன்சிலிங்கும் படிச்சதில்ல. வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு நிவாரண முகாம்ல தன்னார்வலரா நிக்கறேன், இன்னிக்கு 22வது நாள். 140 பேர் கிட்ட இருக்காங்க. முதல் வாரம் யோசிக்கவே நேரமில்ல, சாப்பாடு தண்ணி போர்வைன்னு ஓடிட்டே இருந்தோம், இப்ப அதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துடுச்சு, வந்ததுக்கப்புறம்தான் ஜனங்க முகத்தையே நான் சரியா பாக்கறேன்.

ஒரு அம்மா இருக்காங்க, அறுபது வயசுக்கு மேல இருக்கும். உள்ளங்கையில ஒரு சாவி வச்சிருக்காங்க. பூட்டும் இல்ல கதவும் இல்ல, வீடே இல்ல இப்ப. தூங்கும்போது கூட கைய விரிக்கறதில்ல, சாவியோட பல்லு கையில அச்சா பதிஞ்சு கிடக்கு. யார்கிட்டயும் பேச மாட்டாங்க, கூப்பிட்டா சாப்பிட வருவாங்க, திரும்ப போய் அதே ஜன்னலோரம் உக்காந்துடுவாங்க.

போன வாரம் வெளியிலருந்து ஒரு குழு வந்துச்சு, மனநல உதவின்னு சொன்னாங்க. ஒரு இருபது பேர வட்டமா உக்கார வச்சு ஒவ்வொருத்தரா அன்னிக்கு என்ன நடந்துச்சு, என்ன பாத்தீங்க, அப்ப மனசுல என்ன ஓடுச்சுன்னு கேட்டாங்க. தம்பிய தண்ணியில பறிகொடுத்த ஒரு பையன் இருக்கான், 19 வயசு. அவன் முறை வந்தப்ப மொதல்ல வேணாம்னான், "சொல்லிட்டா பாரம் குறையும்"னு சொன்னதும் சொல்ல ஆரம்பிச்சான், கை எப்படி வழுக்குச்சுங்கறது வரைக்கும் சொன்னான், எழுந்து வெளிய போய் வாந்தி எடுத்தான். அன்னிலருந்து நாலு ராத்திரி தூங்கல. அந்தக் குழு மறுநாளே கிளம்பிடுச்சு. இப்ப வர்ற சனிக்கிழமை திரும்ப வர்றாங்களாம்.

நல்ல எண்ணத்துலதான் வர்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா இது சரியா? வேணாம்னு சொன்னா கிடைக்கற ஒரே உதவியையும் நானே கெடுத்த மாதிரி ஆயிடுமா? என்ன மாதிரி ஆளு இதுல என்னதான் செய்யலாம்?

இன்னொன்னு, ஒரு சின்னப் பையன், 8 வயசு, பேப்பர் கப்பல் செஞ்சு வாளி தண்ணியில விட்டு கையாலயே அமுக்கி முக்கறான், திரும்ப எடுக்கறான், திரும்ப முக்கறான், நாள் முழுக்க. அத நிறுத்தணுமா விடணுமான்னும் தெரியல.

---

நைட்_டியூட்டி_நர்ஸ்:

தம்பியா தங்கச்சியான்னு தெரியல, எதுவா இருந்தாலும் நீங்க கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. நான் மனநல வார்டுல 18 வருஷமா இருக்கேன், மூணு பேரிடர்ல களத்துக்கும் போயிருக்கேன்.

நேராவே சொல்லிடறேன், சனிக்கிழமை அந்த வட்டம் வேணாம். அவங்க செஞ்சதுக்கு பேரு டீப்ரீஃபிங். 1980கள்ல தீயணைப்பு வீரருங்க, ஆம்புலன்ஸ் ஆளுங்க மாதிரி வேலையில அடிக்கடி கோரத்த பாக்கறவங்களுக்குன்னு உருவானது அது, அப்புறம் எல்லா இடத்துலயும் எல்லாருக்கும் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. பரிசோதிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. 1997ல தீக்காயத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு மட்டும் இத செஞ்சு பாத்தாங்க, 13 மாசம் கழிச்சுப் பாத்தா செஞ்சவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொந்தரவு பண்ற மனநலப் பிரச்சனை), செய்யாதவங்கள்ல 9 சதவீதம். செஞ்ச பிரிவுல காயம் கொஞ்சம் கூடதான், ஆனா நன்மைன்னு எதுவும் தெரியல. 2002ல இந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பாத்த காக்ரேன்ங்கற மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட தொகுப்பும் ஒரே தடவை உக்கார வச்சு பேச வைக்கறது பிடிஎஸ்டிய தடுக்கலன்னு சொல்லிடுச்சு. உலக சுகாதார நிறுவனமும் இத செய்யாதீங்கன்னுதான் சொல்லுது. அந்தக் குழுகிட்ட நீங்க தைரியமா பேசலாம், சண்டையா இல்லாம, "உளவியல் முதலுதவி பண்ணுங்க, வட்டம் வேணாம், வந்தா எத்தன நாள் இருப்பீங்க"ன்னு கேளுங்க. அந்த எத்தன நாள்ங்கற கேள்விய விட்றாதீங்க.

அதுக்காக யாரும் பேசவே கூடாதுன்னு இல்ல. அந்தப் பையன் ராத்திரி ஒரு மணிக்கு உங்க பக்கத்துல வந்து உக்காந்து தானா சொன்னான்னா கேளுங்க, முழுசா கேளுங்க, நடுவுல எதுவும் சொல்லி அடைக்காதீங்க. அவன் நிறுத்துன இடத்துல நீங்களும் நிறுத்திக்கோங்க. "அப்புறம் என்னாச்சு"ன்னு கிளறக்கூடாது, அவ்ளோதான் வித்தியாசம், ஆனா அதுல எல்லாமே இருக்கு.

உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம், வார் ட்ராமா ஃபவுண்டேஷன், வேர்ல்ட் விஷன் இன்டர்நேஷனல் மூணு பேரும் சேர்ந்து 2011ல ஒரு கையேடு போட்டாங்க, உங்கள மாதிரி கவுன்சிலிங் படிக்காதவங்களும் செய்யற மாதிரிதான் எழுதியிருக்கு. பார், கேள், இணை. பார்னா யாருக்கு உடனடி ஆபத்து, யாரு உறைஞ்சு போய் இருக்காங்க, யாரு தனியா இருக்காங்கன்னு பாக்கறது. கேள்னா பக்கத்துல போய் பேரு சொல்லி அறிமுகப்படுத்திட்டு, "இப்ப உங்களுக்கு என்ன தேவை, எது கவலையா இருக்கு"ன்னு கேக்கறது. இணைன்னா சொந்தக்காரங்களோட, மருந்தோட, சரியான தகவலோட சேத்து விடறது. இந்த மூணாவதத்தான் எல்லாரும் மனநலம்னே நினைக்கறதில்ல. நான் பாத்த வரைக்கும் ஒரு போன் சார்ஜ் போட்டுக் குடுத்து மகள்கிட்ட பேச வச்சது பத்து கவுன்சிலிங்குக்கு சமம்.

சொல்லக் கூடாதது சிலது இருக்கு. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" வேணாம், நமக்குப் புரியாது. "உயிராவது மிஞ்சிச்சே" வேணவே வேணாம். "எல்லாம் சரியாயிடும்"னு வாக்கு குடுக்காதீங்க. தெரியலன்னா தெரியல, விசாரிச்சிட்டு சாயங்காலம் வந்து சொல்றேன்னு சொல்லுங்க, சொன்ன மாதிரி சாயங்காலம் போய் நில்லுங்க, பதில் கிடைக்கலன்னாலும் போய் நில்லுங்க.

22 நாள்ல தூக்கம் வராதது, திடுக்குன்னு முழிக்கறது, மழை சத்தம் கேட்டா நெஞ்சு படபடக்கறது எல்லாம் நோய் இல்ல. பிடிஎஸ்டின்னு சொல்றதுக்கே இந்த மாதிரி அறிகுறிங்க ஒரு மாசத்துக்கு மேல நீடிக்கணும். நிறையப் பேருக்கு பாதுகாப்பும் ஆளுங்களும் கிடைச்சா தானா குறையும். தயவுசெஞ்சு யாராவது பாவப்பட்டு தூக்க மாத்திரை வாங்கிக் குடுக்க விடாதீங்க, முதல் மாசத்துல அதிர்ச்சி அறிகுறிகளுக்காக பென்சோடயசபீன் வகை மாத்திரை குடுக்க வேணாம்னு 2013லயே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு.

அதே சமயம் இதுல ஒன்ன பாத்தாலும் காத்திருக்காதீங்க: சாப்பிடாம தண்ணி குடிக்காம கிடக்கறது, தன் குழந்தையவே கவனிக்க முடியாத நிலைமை, இல்லாத குரல் கேக்கறது, செத்துப் போகலாம்ங்கற பேச்சு. கடைசி விஷயத்துல நேராவே கேளுங்க, "உயிர விட்டுடலாம்னு தோணுதா"ன்னு. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது, கேட்டதும் அழுது சொன்னவங்கதான் நிறைய. ஆமான்னா தனியா விடாதீங்க, மருந்து, பூச்சி மருந்து, கயிறு மாதிரி எதையும் கைக்கு எட்டற இடத்துல வைக்காதீங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

எல்லாரும் மறக்கற ஒன்னு, வெள்ளத்துக்கு முன்னாடியே மனநல சிகிச்சையில இருந்தவங்க. மாத்திரை டப்பா தண்ணியோட போயிருக்கும், வெக்கத்துல சொல்ல மாட்டாங்க. வலிப்பு மாத்திரை திடீர்னு நின்னா வலிப்பு வரும். லித்தியம்னு ஒரு மனநல மருந்து எடுக்கறவங்க உடம்புல நீர் குறைஞ்சா மருந்தே விஷமாகும். குளோசபீன்னு இன்னொரு மனநல மருந்து, அத ரெண்டு நாளுக்கு மேல விட்டுட்டா பழைய அளவுலயே திரும்ப ஆரம்பிக்கக் கூடாது, டாக்டர் குறைஞ்ச அளவுலருந்து ஏத்தணும். நான் போன ஒரு முகாம்ல மூணாவது நாள் ஒருத்தர் கை கால் நடுங்கி, சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்தினாரு. அதிர்ச்சியில புத்தி பேதலிச்சிடுச்சுன்னு கட்டிப் போட்டிருந்தாங்க. தினமும் குடிக்கறவரு, வெள்ளத்துல குடி திடீர்னு நின்னதுல வந்தது அது, ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா உயிரே போயிருக்கும். அதனால ஒவ்வொரு குடும்பத்துகிட்டயும் தனியா, மெதுவா, "வழக்கமா எடுக்கற மாத்திரை எதுவும் விட்டுப் போச்சா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

---

மழைக்கு_அப்புறம்:

நர்ஸ் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் முகாமுக்கு அந்தப் பக்கம் இருந்தவ, அதனால எழுதறேன். நிலச்சரிவுல எங்க அண்ணன் போயிட்டான், 11 வருஷமாச்சு, உடம்பு இன்னிவரைக்கும் கிடைக்கல.

எனக்கு அன்னிக்கு எது உதவுச்சுன்னு கேட்டா பேச்சு இல்ல. பட்டியல் வச்சிருந்த ஒரு அக்கா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து "இன்னிக்கும் தகவல் இல்லம்மா, நாளன்னிக்கு திரும்ப வர்றேன்"னு சொல்லிட்டுப் போவாங்க. நல்ல சேதி ஒரு தடவை கூட கொண்டு வரல. ஆனா அவங்க வர்ற நேரத்துக்காகத்தான் நான் எழுந்து முகம் கழுவுவேன். இன்னொருத்தர் என்கிட்ட குழந்தைங்க பேர் எழுதற நோட்ட குடுத்து "உன் கையெழுத்து நல்லாருக்கு, நீ எழுது"ன்னாரு. அன்னிக்குத்தான் நான் உதவி வாங்கற ஆளா மட்டும் இல்லாம ஒரு மனுஷியா இருந்தேன்.

வலிச்சது எதுன்னா கேமரா. அழற முகத்த கிட்ட வந்து எடுத்தாங்க, கேக்கவே இல்ல. தயவுசெஞ்சு உங்க முகாம்ல அத மட்டும் தடுத்துடுங்க.

இன்னொன்னு எழுதணும், எழுதும்போதே கை நடுங்குது. கிடைச்ச உடம்புகள நோய் பரவும்னு பயந்து அவசர அவசரமா ஒரே குழியில புதைச்சாங்க, போட்டோ எடுக்கல, நம்பர் போடல. இயற்கைப் பேரிடர்ல செத்தவங்க உடம்பால கொள்ளைநோய் பரவறதில்லன்னும், ஒவ்வொரு உடம்பையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு தனித்தனியா அடையாளம் வச்சுத்தான் புதைக்கணும்னும் இதுக்குன்னே உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவையும் போட்ட கையேடு இருக்கு, நான் ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் படிச்சேன். அந்தக் குழியில எங்க அண்ணன் இருந்தானா இல்லையான்னு இனிமே எனக்குத் தெரியவே போறதில்ல. எங்க அம்மா இன்னும் கதவுக்கு உள்தாழ் போட மாட்டாங்க. மனநல உதவின்னா அது இதுலருந்தே ஆரம்பிக்குது, காணாம போனவங்க குடும்பத்த "நடந்தத ஏத்துக்கோ"ன்னு யாரும் அவசரப்படுத்தாதீங்க.

அந்தப் பையனுக்கு, கை வழுக்கினவனுக்கு, "உன் தப்பு இல்ல"ன்னு சும்மா சும்மா சொல்லாதீங்க, அவன் நம்ப மாட்டான். நான் நம்பல. கூட இருங்க, எதாவது வேலையில சேத்துக்கோங்க.

---

முகாம்_தன்னார்வலர்:

அக்கா, நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன், என்ன சொல்றதுன்னு தெரியல. உங்க அண்ணனுக்காக வருத்தப்படறேன். கேமரா விஷயத்த இன்னிக்கே வாசல்ல எழுதி ஒட்டிட்டோம்.

நர்ஸ் அக்கா, மாத்திரை பத்தி கேட்டுப் பாத்தேன். நாலு பேர். அதுல ஒருத்தங்க வலிப்பு மாத்திரை இல்லாம மூணு வாரமா பயந்துட்டே இருந்திருக்காங்க, தினமும் எனக்கு வணக்கம் சொல்றவங்கதான், ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கு டாக்டர்கிட்ட அனுப்பிட்டோம்.

---

மூணாங்கிளாஸ்_டீச்சர்:

கப்பல் பையனப் பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். நிறுத்தாதீங்க. குழந்தைங்க பாத்தத திரும்பத் திரும்ப விளையாடித்தான் புரிஞ்சுக்கப் பாக்கும், அவங்களுக்கு அதுதான் பேச்சு. ஆனா பக்கத்துல உக்காருங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு பூகம்பத்துக்கு அப்புறம் கட்டை அடுக்கி அடுக்கி தட்டி விட்டுட்டே இருந்தா, நான் எதுவும் கேக்காம பக்கத்துல உக்காந்து நானும் அடுக்கினேன், ஒரு வாரம் கழிச்சு ஒரு பொம்மைய எடுத்து கட்டைக்கு வெளிய வச்சு "இவ ஓடிட்டா"ன்னா. அன்னிலருந்து விளையாட்டு மாறிடுச்சு. உங்க பையன் விளையாட்டுல அப்படி எதுவும் மாறாம, முகத்துல ஒரு ஆசுவாசமும் இல்லாம, ஒரு மாசம் தாண்டியும் அதுலயே மாட்டிக்கிட்டு இருந்தான்னா அப்ப தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

படுக்கைய நனைக்கறது, விரல் சூப்பறது, அம்மா பாத்ரூம் போனா கூட அழறது, பெரிய பசங்க திடீர்னு சின்னப் பிள்ளை மாதிரி நடந்துக்கறது எல்லாம் வரும், திட்டாதீங்கன்னு பெத்தவங்ககிட்ட சொல்லி வைங்க. வெள்ள வீடியோவ போன்ல திரும்பத் திரும்ப பெரியவங்க பாக்கறத குழந்தைங்க முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க, சின்னதுங்களுக்கு அது பழசுன்னு தெரியாது, திரும்பவும் வெள்ளம் வருதுன்னே நினைக்கும். செத்தவங்களப் பத்தி "தூங்கறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்ல வேணாம், அப்புறம் தூங்கவே பயப்படும். முடிஞ்சா ஒரு மூலைய ஒதுக்கி தினமும் அதே நேரத்துக்கு அதே ஆளு வந்து படம் வரையறது, கதை, விளையாட்டுன்னு ஒரு மணி நேரம் நடத்துங்க. என்ன சொல்லிக் குடுக்கறீங்கங்கறத விட தினமும் அதே நேரம்ங்கறதுதான் அதுங்கள நிதானத்துக்குக் கொண்டு வரும்.

---

களப்பணி_ஒருங்கிணைப்பு:

தாமதமா பாத்தேன். மேல எல்லாரும் சொன்னதோட கொஞ்சம் பெரிய படமும் வேணும்னு எழுதறேன்.

2004 சுனாமிக்கு அப்புறம் உலகம் முழுக்கருந்து மனநல உதவின்னு ஏகப்பட்ட பேர் வந்து இறங்கினாங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு முறை, ஒரே குழந்தைகிட்ட வேற வேற குழு வந்து அதே கேள்விய கேட்டுட்டுப் போச்சு. அப்ப உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பீடு போட்டுச்சு, லேசான, நடுத்தர மனநலப் பிரச்சனை சாதாரண காலத்துல ஒரு வருஷத்துல 10 சதவீதம் பேருக்குன்னா பேரிடருக்கு அப்புறம் 15லருந்து 20 ஆகலாம், கடுமையானது 2-3லருந்து 3-4 ஆகலாம்னு. அதாவது 140 பேர்ல பெரும்பாலானவங்களுக்கு சிகிச்சை வேண்டியதில்ல, அதே நேரம் நாலஞ்சு பேருக்கு கண்டிப்பா டாக்டர் வேணும். 2007ல ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த ஐஏஎஸ்சி வழிகாட்டி வந்துச்சு, அதுல ஒரு பிரமிடு, நாலு அடுக்கு. அடியில பாதுகாப்பும் அடிப்படை வசதியும், அதுவும் மரியாதையோட: வரிசையில கத்தாம இருக்கறது, பொம்பளைங்க கழிப்பறைக்கு உள்தாழும் வெளிச்சமும் இருக்கறது. அதுக்கு மேல குடும்பம், அக்கம்பக்கம், சடங்கு, பிரார்த்தனை, பள்ளிக்கூடம் திரும்ப நடக்கறது. மூணாவது பயிற்சி எடுத்த சாதாரண ஆளுங்க குடுக்கற உதவி. உச்சியிலதான் மனநல மருத்துவர். நிறையப் பேர் உச்சியிலருந்து கட்ட ஆரம்பிச்சிடறாங்க.

மூணாவது அடுக்குக்கு உங்க முகாம்லருந்தே ரெண்டு மூணு பேர தயார் பண்ண முடியும். 2016ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிஎம் ப்ளஸ்னு ஒரு முறை இருக்கு, வாரம் ஒன்னா அஞ்சு அமர்வு, மூச்ச மெதுவா விட்டு உடம்ப நிதானப்படுத்தறது, தீர்க்க முடியற பிரச்சனைய ஒன்னொன்னா எடுக்கறது, விட்டுப்போன வேலைய சின்னச் சின்னதா திரும்ப தொடங்கறது, ஆள் துணைய பலப்படுத்தறது. டாக்டருங்க செய்ய வேண்டியதில்ல, பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தா உள்ளூர் ஆளுங்களே செய்வாங்க. ஆனா மேற்பார்வை இல்லாம ஆரம்பிக்காதீங்க.

எனக்கு பெரிய கவலை மூணாவது மாசம். முதல்ல எல்லாரும் ஒன்னா நின்னு ஒருத்தர ஒருத்தர் தாங்குவாங்க, அப்புறம் வண்டிங்க வரது நிக்கும், நிவாரணப் பட்டியல்ல பேர் இல்லன்னு சண்டை வரும், கடன்காரன் வருவான், குடி கூடும், வீட்டுக்குள்ள அடி உதை கூடும். அப்பதான் உதவி வேணும், அப்பதான் யாரும் இருக்க மாட்டாங்க. சனிக்கிழமை வர்ற குழுகிட்ட இப்ப வர வேணாம், மூணாவது மாசம் வாங்க, ஆறு மாசம் இருங்கன்னு கேட்டுப் பாருங்க, நான் சீரியஸாவே சொல்றேன். வருஷம் திரும்பற அந்த நாளையும் குறிச்சு வச்சுக்கோங்க. பேரிடர சாக்கா வச்சு நிலையான மனநல சேவைய கட்டின இடங்களும் இருக்கு, சுனாமிக்கு முன்னாடி இந்தோனேசியாவோட ஆச்சே முழுக்க ஒரே ஒரு மனநல ஆஸ்பத்திரிதான், அப்புறம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் பயிற்சி பெற்ற நர்ஸுங்க வந்தாங்க. இலங்கை 2005லயே மனநலக் கொள்கைய கொண்டு வந்துச்சு.

கடைசியா, நீங்க. 22 நாளா ஒரு நாளாவது லீவு எடுத்தீங்களா? எழுதவே இல்லயே.

---

முகாம்_தன்னார்வலர்:

எடுக்கல. எடுத்தா யாரு பாப்பாங்கன்னு தோணுச்சு. உங்க பதில் பாத்துட்டு கூட இருக்கறவங்ககிட்ட சொன்னேன், இப்ப அஞ்சு நாளைக்கு ஒருத்தர்னு முறை போட்டிருக்கோம், ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நாங்களே உக்காந்து பேசிக்கறோம், விருப்பம் இருக்கறவங்க மட்டும்.

குழுகிட்ட பேசிட்டேன். மொதல்ல அவங்களுக்கு வருத்தம், அப்புறம் அதுல இருந்த ஒரு மேடம் தனியா கூப்பிட்டு அந்தப் பையன பத்தி விசாரிச்சாங்க, நாலு ராத்திரி தூங்கலன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. வட்டம் நடத்தல. மூணாவது மாசத்துக்கு ரெண்டு பேர அனுப்பறதா எழுதிக் குடுத்திருக்காங்க.

பையன் இப்ப தண்ணி டேங்க் கணக்கு பாக்கறான். தூக்கம் இன்னும் அரைகுறைதான். நேத்து நர்ஸ் அக்கா சொன்ன மாதிரி அவன்கிட்ட நேரா கேட்டேன், எனக்குத்தான் நாக்கு ஒட்டிக்கிச்சு. "அப்படி இல்ல, ஆனா நெனப்பு வந்துச்சு"ன்னான். இன்னிக்கு டாக்டர் பாத்தாரு, அடுத்த வாரமும் பாப்பாரு, ராத்திரியில அவன் என் பக்கத்துலதான் படுக்கறான்.

சாவி அம்மாகிட்ட போய் "இப்ப உங்களுக்கு என்ன தேவை"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் ஜன்னலயே பாத்துட்டு இருந்துட்டு ஒரு பேப்பர எடுத்து நீட்டினாங்க, மடிச்சு மடிச்சு கிழியற மாதிரி இருந்துச்சு. வீட்டு சேதத்துக்கான விண்ணப்பம். படிக்கத் தெரியாதாம், யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம மூணு வாரமா வச்சிட்டு உக்காந்திருக்காங்க. வீடு இருந்ததுக்கு அத்தாட்சி என்னன்னு கேப்பாங்களேன்னுதான் சாவிய பத்திரமா பிடிச்சிட்டு இருந்திருக்காங்க. நாளைக்கு காலையில ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பறோம்.